கூடு விட்டுக் கூடு பாயுமா ரிஸ்க் ஓஎஸ்?

கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். ஆய்வகத்தில் ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினியில் ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பழகி, அதன் மேல் பிரியம் கொண்டு, சேமித்த பணத்தில் பை 5 வாங்கியிருக்கிறார். அதே மெமரி கார்டைச் செருகினால் திரையில் ஒன்றுமே வரவில்லை. "என் போர்டு பழுதா? இல்லை, இந்த ஓஎஸ்-இன் கதை இதோடு முடிந்ததா?" என்பது அவர் கேள்வி.

போர்டில் பழுதில்லை. கதையும் முடியவில்லை. ஆனால் இது கார்டை மாற்றிப் போட்டோ புதிய பதிப்பை இறக்கியோ சரியாகும் சிக்கல் அல்ல. பை 5-ல் இருக்கும் கார்ட்டெக்ஸ் ஏ76 சில்லில் ரிஸ்க் ஓஎஸ்-இன் கெர்னல், அதாவது அதன் மையப்பகுதி, நிற்பதற்கே இடம் கிடையாது. ஏன் கிடையாது என்று தெரிந்தால்தான் எதிர்காலத்தைப் பற்றிப் பேச முடியும். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. பிபிசி மைக்ரோ என்ற பள்ளிக் கணினியால் பெயர் பெற்றது. அடுத்த கணினிக்கு வெளியே கிடைத்த சில்லுகள் எதுவும் பிடிக்காமல், தாங்களே ஒன்றை வடிவமைக்க முடிவெடுத்தார்கள். கட்டளைத் தொகுதியை வகுத்தவர் சோஃபி வில்சன். அதைச் சில்லாக வடித்தவர் ஸ்டீவ் ஃபர்பர். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஆர்ம் சில்லு வேலை செய்தது. அதில் இருந்தவை சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள்தான். 1987-ல் அந்தக் குடும்பச் சில்லுடன் ஆர்க்கிமிடீஸ் கணினி வந்தபோது, அதற்கெனத் திட்டமிட்டிருந்த பெரிய இயங்குதளம் தயாராகவில்லை. அவசரத்துக்கு ஆர்தர் என்ற ஒன்றை எழுதினார்கள். அதுவே வளர்ந்து 1989-ல் ரிஸ்க் ஓஎஸ் 2 ஆனது. பெயரில் உள்ள 'ரிஸ்க்' ஆபத்தைக் குறிப்பதல்ல. குறைந்த எண்ணிக்கையில் எளிய கட்டளைகள் கொண்ட சில்லு வடிவமைப்புக்கு வைத்த பெயர் அது.

ஆர்க்கிமிடீஸின் ஆரம்ப மாடலில் மெமரி 512 கிலோபைட். ஓஎஸ் முழுவதும் 512 கிலோபைட் ரோமுக்குள் அடங்க வேண்டும். அதற்குள் ஜன்னல்கள், அடியில் ஐகான் பட்டை, ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியாத எழுத்துருக்கள், பிபிசி பேசிக், அந்த பேசிக்குக்குள்ளேயே ஓர் அசெம்ப்ளர். இவ்வளவையும் அடக்கியது, சில்லின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்ப்ளி மொழி. கோப்பைச் சேமிக்க ஐகானை இழுத்துக் கோப்புறை ஜன்னலில் போடுவதும், மவுஸின் மூன்று பொத்தான்களுக்கும் தனித்தனி வேலை இருப்பதும், மின்சாரம் கொடுத்த சில நொடிகளில் திரை தயாராக நிற்பதும் இன்றும் அதில் உண்டு. எனக்கு அது பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அந்த வேகம். இரண்டாவது, கட்டளை ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து கடைசி வரை பின்தொடர்ந்து பார்க்க முடிகிற அளவு. அந்த அளவுக்குக் காரணமான அசெம்ப்ளிதான் இன்றைய சிக்கலுக்கும் காரணம்.

இப்போது வந்திருப்பது முதல் இடப்பெயர்ச்சி அல்ல. முதலாவதில் ரிஸ்க் ஓஎஸ் பிழைத்ததா, பிழைத்தது என்றால் எப்படி என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

பழைய ஆர்ம் சில்லில் ஆர்15 என்ற ரெஜிஸ்டர் (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தது. அடுத்து எந்தக் கட்டளை என்று சொல்லும் முகவரியும் அதில்தான். முந்தைய கணக்கின் விடை பூஜ்யமா, எதிர்மறையா என்று சொல்லும் கொடிகளும் அதில்தான். 32 பிட்டில் மேலே 6 பிட் கொடிகளுக்கு, கீழே 2 பிட் சில்லு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு, நடுவில் மிஞ்சிய 24 பிட் முகவரிக்கு. ஒரு கட்டளைக்கு 4 பைட் என்பதால் அது 26 பிட் முகவரிக்குச் சமம், 64 மெகாபைட் வரைதான் எட்ட முடியும். அரை மெகாபைட் கணினிக்கு 64 மெகாபைட் என்பது சமுத்திரம். இதில் ஒரு பெரிய வசதியும் இருந்தது. ஒரு துணைநிரலிலிருந்து திரும்பும்போது ஒரே கட்டளையில் முகவரியும் திரும்பும், அழைத்தவரின் கொடிகளும் பழையபடி திரும்பும். அந்தக் கட்டளையை ரிஸ்க் ஓஎஸ் முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதிவைத்தார்கள். அழைப்பவரின் கொடிகள் கெடாது என்பது ஓஎஸ்-இன் எழுதப்பட்ட வாக்குறுதியாகவே ஆயிற்று.

பிறகு சில்லு மாறியது. ஆர்ம்6 காலத்தில் முழு 32-பிட் முகவரி வந்தது, கொடிகள் தனி ரெஜிஸ்டருக்குப் போயின. சில காலம் பழைய முறையும் கூடவே இருந்தது. ஆர்ம்9, எக்ஸ்ஸ்கேல் வரிசைகளில் அதை எடுத்தேவிட்டார்கள். இதற்கிடையில், 1998-ல் ஏகார்ன் தன் கணினிப் பிரிவையே மூடிவிட்டது. தாய் நிறுவனம் போய்விட்டது, காலடியில் சில்லும் நழுவுகிறது. அந்த நேரத்தில் 32-பிட் மாற்றத்தைச் செய்து முடித்தது பேஸ் என்ற செட்-டாப் பாக்ஸ் நிறுவனம். டிவிப் பெட்டிகளில் ரிஸ்க் ஓஎஸ்-ஐப் பயன்படுத்தும் தேவை அவர்களுக்கு இருந்தது. அந்தக் குறிமுறையை வைத்துத்தான் 2002-ல் கேஸில் டெக்னாலஜி, எக்ஸ்ஸ்கேல் சில்லில் இயோனிக்ஸ் கணினியைக் கொண்டுவந்தது. பழைய 26-பிட் நிரல்களை ஓட்ட ஏமுலர் என்ற எமுலேட்டர், அதாவது பழைய சில்லைப் போல நடிக்கும் நிரல், வந்தது. இன்னொரு பக்கம் 26-பிட் கிளையை வேறொரு நிறுவனம் தனியாக வளர்த்தது. சிறிய சமூகம் இரண்டாகப் பிரிந்து பல ஆண்டுகளை இழந்ததை இன்றும் நான் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

அதற்கு முன்னும் பின்னும் சில்லு சும்மா இருக்கவில்லை. ஸ்ட்ராங்ஆர்ம் சில்லில் கட்டளைக்கும் தரவுக்கும் தனித்தனி கேஷ் (சில்லுக்குள் உள்ள வேகமான தற்காலிக நினைவகம்) வந்தபோது, தன் கட்டளைகளைத் தானே திருத்தி ஓடும் நிரல்கள் விழுந்தன. ஆர்ம்வி7-ல், நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து படித்தால் பைட்டுகள் சுழன்று வரும் பழைய குணம் போயிற்று. அதைத் தந்திரமாகப் பயன்படுத்திய நிரல்கள் தவறான விடை தந்தன. ரெஜிஸ்டரில் உள்ளதையும் மெமரியில் உள்ளதையும் ஒரே அடியில் இடம் மாற்றும் 'ஸ்வாப்' கட்டளையே பை 3-ல் இல்லை. நான் வெகுகாலம் முன்பு எழுதிய ஒரு சின்ன மாட்யூல் (ஓஎஸ்-உடன் சேர்ந்து ஓடும் துணுக்கு நிரல்) பை 1-ல் ஒழுங்காக ஓடி, பை 3-ல் ஏற்றியவுடன் நின்றது. ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகு, பூட்டுப் போடுவதற்கு நான் வைத்த அந்த ஒற்றைக் கட்டளை என்று கண்டேன். பூஜ்ய முகவரியில் கெர்னல் வைத்திருந்த பக்கத்தை வேறிடத்துக்கு நகர்த்தியபோது, தெரியாமல் அங்கே போய்ப் படித்துக்கொண்டிருந்த நிரல்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றை உடனே கொல்லாமல், ஓடவிட்டுத் தவறை மட்டும் குறித்துவைக்க ஸீரோபெயின் என்று ஒரு மாட்யூல் எழுதினார்கள். அது நல்ல பண்பாடு. பின்னால் அதற்கு வருகிறேன்.

இவையெல்லாம் வீட்டுக்குள்ளே செய்த பழுதுபார்ப்பு. 64-பிட் என்பது வீடு மாறுவது. சித்தர் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்றே சொல்லலாம், ஏனென்றால் பழைய உடம்பின் ஓர் உறுப்புகூடப் புதியதில் அப்படியே பொருந்தாது.

2011-ல் ஆர்ம் நிறுவனம் ஆர்ம்வி8-ஐ அறிவித்தது. அதில் 64-பிட் முறை பழைய கட்டளைத் தொகுதியின் நீட்சி அல்ல, புதிய மொழி. பழைய ஆர்மில் ஏறக்குறைய எந்தக் கட்டளைக்கும் 'இந்த நிலை இருந்தால் மட்டும் செய்' என்று நிபந்தனை போடலாம். புதியதில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. பல ரெஜிஸ்டர்களை ஒரே கட்டளையில் ஏற்றி இறக்கும் வசதி போய், இரண்டிரண்டாக மட்டும் என்றாயிற்று. ஆர்15 என்ற பொது ரெஜிஸ்டரே இல்லை. ஆக, அசெம்ப்ளியில் எழுதிய கெர்னலை 'மறுபடி கம்பைல் செய்தால் போதும்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆரம்ப 64-பிட் சில்லுகள் பழையதையும் முழுதாக ஓட்டின. பை 3-ன் ஏ53, பை 4-ன் ஏ72 இரண்டும் கெர்னல் முதல் நிரல் வரை எல்லா மட்டத்திலும் 32-பிட்டை ஏற்கும். அதனால்தான் உங்கள் கார்டு அங்கே ஓடியது. ஏ76-ல் 32-பிட் நிரல்கள் அடிமட்டப் பயனர் நிலையில் மட்டும் ஓடலாம், கெர்னல் 64-பிட்டாகத்தான் இருக்க வேண்டும். ரிஸ்க் ஓஎஸ்-இல் கெர்னல் மட்டுமல்ல, கோப்பு முறை, எழுத்துரு, ஜன்னல் மேலாளர் எல்லாமே மாட்யூல்கள், எல்லாமே கெர்னலுக்குரிய சிறப்பு நிலையில் ஓடுபவை. போதாக்குறைக்கு, பை 5-ல் யுஎஸ்பி, ஈதர்நெட், பின்கள் எல்லாம் ஆர்பி1 என்ற தனிச் சில்லுக்குப் போய்விட்டன, அதை இயக்கவும் புதிதாக டிரைவர் நிரல் எழுத வேண்டும். ஏ715 போன்ற அடுத்த தலைமுறைச் சில்லுகளில் பயனர் நிலைக்குக்கூட 32-பிட் இல்லை. ஆப்பிள் 2017-லேயே ஏ11 சில்லில் அதை விட்டுவிட்டது. அதனால் ஏ76-ஐப் பாலம் என்று எண்ணலாம், குடியிருக்கும் வீடாக எண்ண வேண்டாம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ரிஸ்க் ஓஎஸ்-இல் நிரலுக்கும் ஓஎஸ்-க்கும் இடையிலான ஒப்பந்தமே ரெஜிஸ்டர்களால் எழுதப்பட்டது. மென்பொருள் இடைமறிப்பு என்ற ஸ்வி கட்டளைக்குள் 24 பிட்டில் ஓர் எண் இருக்கும். அதுதான் எந்தச் சேவை வேண்டும் என்று சொல்கிறது. ஜன்னல் மேலாளரிடம் ஒரு நிரல் முதலில் சொல்லும் 'நான் வந்திருக்கிறேன்' என்ற அழைப்பின் எண் 262336. 64-பிட் ஆர்மில் அதற்கு ஈடான கட்டளையில் எண்ணுக்கு 16 பிட்தான் இடம், 65535-க்கு மேல் எழுத முடியாது. பிழை நேர்ந்தால் ஓஎஸ் அதைக் கொடி ஒன்றை உயர்த்தித் தெரிவிக்கும், சி மொழியில் எழுதும்போது அந்தக் கொடி கண்ணுக்கே தெரியாது. ஜன்னல் மேலாளர் நிரலுக்குத் தரும் 256 பைட் தொகுதியில் ஒவ்வொரு கட்டமும் 4 பைட். 8 பைட் முகவரியை அங்கே எங்கே வைப்பது? எனவே கெர்னலை எப்படி எழுதினாலும், இந்த ஒப்பந்தத்தை என்ன செய்வது என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

என் கருத்து இதுதான்: காப்பாற்ற வேண்டியது கெர்னல் அல்ல, அந்த ஒப்பந்தம். அதை மாற்றாமல் வைத்துக்கொள்ள வழியும் இருக்கிறது. எல்லா நிரல்களையும் முதல் 4 ஜிகாபைட்டுக்குள் வைத்துவிட்டால் முகவரி 4 பைட்டில் அடங்கும். ரிஸ்க் ஓஎஸ் நிரல்களின் அளவுக்கு அது ஏராளம். சேவை எண்ணைக் கட்டளைக்குள் பொதிக்காமல் ரெஜிஸ்டரில் கொடுக்கும் அழைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ட்ராங்ஆர்ம் கேஷ் சிக்கலுக்காக அன்று சேர்த்தது அது, எண் ஆர்10-ல் போகும். அன்றைய ஒட்டுவேலை நாளைய வாசலாக ஆகலாம்.

மற்றவர்கள் இதை எப்படிக் கடந்தார்கள் என்று பாருங்கள். 1994-ல் ஆப்பிள் மோட்டரோலா 68000 குடும்பத்திலிருந்து பவர்பிசி-க்குப் போனபோது, மேக் ஓஎஸ்-ஐ முழுதாகத் திருப்பி எழுதவில்லை. அடியில் மிகச் சிறிய கெர்னல், அதன்மேல் 68கே எமுலேட்டர், அதற்குள் பழைய ஓஎஸ்-இன் பெரும்பகுதி. அதிகம் பயன்படும் பகுதிகளை மட்டும் முதலில் புதிய மொழிக்கு மாற்றி, மற்றதை ஆண்டுக்கணக்கில் மெதுவாக மாற்றினார்கள். பயனர் அன்றே புதுக் கணினியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது விஎம்எஸ்-இன் கதை. வேக்ஸ் கணினிக்காக 1970களின் கடைசியில் பிறந்த அந்த ஓஎஸ்-இல் கணிசமான பகுதி வேக்ஸ் அசெம்ப்ளி. ஆல்ஃபா சில்லு வந்தபோது டிஜிட்டல் நிறுவனத்தார் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். வேக்ஸ் அசெம்ப்ளியையே ஓர் உயர்மொழி போலக் கருதி, அதற்கு ஒரு கம்பைலர் எழுதினார்கள். அசெம்ப்ளி மூலநிரல் உள்ளே போனால் ஆல்ஃபா குறிமுறை வெளியே வரும். அதே உத்தி இட்டேனியத்திலும் உதவியது, 2022-ல் வெளிவந்த எக்ஸ்86-64 பதிப்பிலும் உதவியது. ஓர் ஓஎஸ் நான்கு சில்லுக் குடும்பங்களைக் கண்டுவிட்டது. ரிஸ்க் ஓஎஸ்-இன் ஆர்ம் அசெம்ப்ளியை இப்படி 64-பிட்டுக்கு மொழிபெயர்க்க முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. நிபந்தனைக் கட்டளைகளைத் தாவல்களாக விரிக்கலாம், கூட்டு ஏற்ற இறக்கங்களை இரண்டிரண்டாக உடைக்கலாம், 31 பொது ரெஜிஸ்டர்கள் இருப்பதால் பழைய 15-ஐ அப்படியே உட்காரவைத்து மிச்சத்தில் வேலை பார்க்கலாம். கடினம் எங்கே என்றால், ஆர்15-ஐக் கணக்கில் கலந்து எழுதிய தந்திரமான இடங்களிலும், நிலை மாற்றும் கெர்னல் உட்பகுதியிலும்தான். அவற்றைக் கையால்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் சி-யில் புதிதாக எழுதுவது. சொல்ல அழகாக இருக்கும். ஆனால் கெர்னலில் கை வைக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வில் எழுதுபவர்கள். எழுதி முடியும்வரை யாரும் பயன்படுத்த ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் சமூகம் கலைந்துவிடும் என்பது என் பயம்.

ஆகவே நான் விரும்புவது முதலிரண்டின் கலவை. அடியில் சி-யில் எழுதிய சிறிய 64-பிட் கெர்னல், பழைய மாட்யூல்களும் நிரல்களும் ஓட ஆர்ம் 32-பிட் எமுலேட்டர் அல்லது மொழிபெயர்ப்பி, பிறகு மாட்யூலுக்கு மாட்யூல் மாற்றம். ரிஸ்க் ஓஎஸ் ஆரம்பத்திலிருந்தே மாட்யூல்களாகப் பிரிந்திருப்பது இங்கே கைகொடுக்கும். வேகம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1994-ல் வந்த ரிஸ்க் பிசி 30 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, அதில் மக்கள் பத்திரிகைகள் வடிவமைத்தார்கள். பை 5-ன் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், எமுலேட்டரின் சுமையைத் தாங்கியும் மிச்சம் இருக்கும். ஸீரோபெயின் பண்பாடு என்று சொன்னேனே, அது இங்கேயும் வேண்டும்: பழைய நிரலை உடனே சாகடிக்காதே, ஓடவிடு, எங்கே தவறுகிறது என்று குறித்துக்கொடு.

இதில் சட்டச் சிக்கலும் இப்போது இல்லை. 2006-லிருந்து ரிஸ்க் ஓஎஸ் ஓப்பன் என்ற அமைப்பு மூலநிரலைப் பராமரிக்கிறது. 2018-ல் உரிமை கைமாறியபோது அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் முழுதாகத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். 2024-ல் வந்த 5.30 பதிப்பில் பை போர்டுகளுக்கு வைஃபை கிடைத்தது. 64-பிட் வேலைக்கு முழுநேர ஆட்களை அமர்த்த நிதி திரட்டும் முயற்சியையும் அவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். ஓய்வுநேர உழைப்பால் மட்டும் இது ஆகாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டதே எனக்கு நம்பிக்கை தருகிறது. லினக்ஸில் ஒரு சாதாரண நிரலாக ரிஸ்க் ஓஎஸ்-ஐ ஓட்டும் முயற்சியும் உண்டு. டிரைவர் கவலை அதில் லினக்ஸுக்குப் போய்விடும். சிலர் அதை ரிஸ்க் ஓஎஸ் என்றே ஏற்க மாட்டார்கள். இழுத்துப் போட்டால் சேமிக்கிறது, பழைய நிரல் ஓடுகிறது என்றால் எனக்கு அது ரிஸ்க் ஓஎஸ்தான்.

நிரல்களின் கதி என்ன என்பதற்கு முன்னுதாரணங்கள் கண்முன்னே உண்டு. இசைக் குறியீடு எழுதும் சிபெலியஸ் 1993-ல் ஏகார்னில் அசெம்ப்ளியில் பிறந்தது. விண்டோஸுக்குப் போக முழுவதும் திருப்பி எழுத வேண்டியிருந்தது, 1998-ல்தான் போய்ச் சேர்ந்தது. நெட்சர்ஃப் உலாவி 2002-ல் ரிஸ்க் ஓஎஸ்-க்காகவே சி-யில் தொடங்கப்பட்டது, லினக்ஸ், ஹைக்கு, அமிகா என்று பல இயங்குதளங்களில் ஓடுகிறது. பிபிசி பேசிக்கும் தப்பிவிட்டது, ஆர்ம் அசெம்ப்ளியை நம்பாமல் 64-பிட் கணினிகளில் ஓடும் பதிப்புகள் அதற்கு இன்று இருக்கின்றன.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பை 5-ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அதில் லினக்ஸ் போட்டு, ஆர்பிசிஎமு எமுலேட்டரில் ரிஸ்க் ஓஎஸ்-ஐ ஓட்டுங்கள். நேரடியாக வன்பொருளில் ஓட வேண்டும் என்ற ஆசை இருந்தால் பை 4 ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 2030களின் தொடக்கம் தாண்டியும் அதைத் தயாரிப்போம் என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. அதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். ஆய்வகத்தில் எழுதிய பேசிக் நிரல்கள் இருந்தால், அவற்றில் அசெம்ப்ளி வரிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்து, அந்த இடங்களை மட்டும் பேசிக்கிலேயோ சி-யிலேயோ எழுதிவிடுங்கள். சி தெரியும் என்றால் இன்னொன்றும் செய்யலாம். ஓஎஸ் மூலநிரலில் இன்னும் அசெம்ப்ளியில் இருக்கும் சிறிய மாட்யூல் ஒன்றை எடுத்து, ஸ்வி எண்களும் ரெஜிஸ்டர் ஒழுங்கும் இம்மியும் மாறாமல் சி-யில் எழுதிப் பாருங்கள். பை 3-ல் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றி, ஒரு வாரம் ஓட்டுங்கள். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை என்றால் அதை அனுப்பிவையுங்கள்.